தோழிப்பெண் கவுனை வீட்டிலேயே ஆல்டர் செய்வதா, தையல்காரரிடம் கொடுப்பதா: ஒரு திருமண வீட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாளையங்கோட்டையில் மே மாதக் கடைசியில் நடந்த ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) திருமணம் இது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். நான் இந்த ஊரில் தையல் வகுப்பு நடத்துகிறேன். இந்த நிகழ்வின் மையத்தில் இருக்கும், தோழிப்பெண் ஒருத்தியின் தாயார் பல வருடங்களுக்கு முன் என்னிடம் ரவிக்கை தைக்கக் கற்றவர். இன்று தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துக் கொடுக்கிறார். கை நிதானமானவர், கத்தரியைப் பயமில்லாமல் எடுப்பவர். இந்த இரண்டு குணமுமே பின்னால் நடந்தவற்றைத் தீர்மானித்தன.

மணப்பெண் வெள்ளைப் பட்டும் முக்காடும் அணிவது என்று முடிவாகியிருந்தது. தோழிப்பெண்கள் மூன்று பேருக்கும் மட்டும் ஒரே நிறத்தில் நீளக் கவுன். மணப்பெண்ணின் தங்கை, பெரியப்பா மகள், சித்தி மகள் ஆகியோர் அந்த மூவர். நான் சொன்ன தாயார்தான் அந்தச் சித்தி. கவுன்களைக் கனடாவில் இருக்கும் மணப்பெண்ணின் மதினி வாங்கி, ஊருக்கு வரும் உறவினர் ஒருவரின் பெட்டியில் கொடுத்தனுப்பினார். அங்கே கடையில் ஆல்டர் செய்தால் கூலியே கவுன் விலையை நெருங்கிவிடும், ஊரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கவுன்கள் கைக்கு வந்தது ஈஸ்டர் முடிந்த பிறகு. அந்த நேரம் முக்கியமானது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் இங்குள்ள சபைகளில் பெரும்பாலும் திருமணம் வைப்பதில்லை. அதனால் ஈஸ்டர் முடிந்ததும் திருமணங்கள் நெருக்கி வரும். வைகாசி முகூர்த்தங்களும் அதோடு சேரும். ஜூனில் பள்ளி திறப்பதால் சீருடைத் துணி மூட்டை மூட்டையாகத் தையல் கடைகளுக்குள் போகும் காலமும் அதுவே. நல்ல தையல்காரர் யாருக்கும் மே மாதத்தில் கை ஓயாது.

அளவு தவறியது எப்படி

மூன்று பேரின் அளவும் வாட்ஸ்அப்பில் போயிருந்தது. அளவெடுத்தது பழைய அளவு ரவிக்கைகளை வைத்து. ரவிக்கைக்கு இடுப்பு என்று நாம் டேப் பிடிப்பது மார்புக்குக் கீழே, ரவிக்கை முடியும் இடத்தில். கவுனுக்கு அது இன்னும் கீழே, தொப்புளுக்குச் சற்று மேலே. அளவு ரவிக்கை உடம்போடு ஒட்டி நிற்பது, கவுனுக்கோ கொஞ்சம் இடம் விட வேண்டும். எண்கள் சிறிதாகத் தெரிந்ததால் மதினி மூன்று கவுனையும் ஒரு சைஸ் கூட்டியே வாங்கிவிட்டார். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். லூஸான உடையைப் பிடித்துவிடலாம். டைட்டாக வந்த உடையில் உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்களோ அவ்வளவுதான் வழி.

நீளம் வேறு கதை. இந்த வகைக் கவுன்களை அங்கே ஐந்தரை அடிக்கு மேல் உயரமும் அதற்கு மேல் ஹீல்ஸும் வைத்துக் கணக்கிட்டு வெட்டுகிறார்கள். நம் ஊர்ப் பெண்கள் யாருக்கும் அது தரையில் புரளாமல் இருக்காது. தொண்டைக் குழியிலிருந்து தரை வரை ஒரு அளவு கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

என்னிடம் வந்தபோது கண்டவை

தாயார் தன் மகளையும் இரண்டு கவுன்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். "டீச்சர், கடையில ஜூன் ரெண்டாவது வாரம்னு சொல்லிட்டாங்க. நானே செஞ்சிரலாமான்னு பாக்கேன்" என்றார். மகள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அம்மா கத்தரி வைப்பதை அவள் விரும்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மணப்பெண்ணின் தங்கையுடைய கவுனை அம்மா ஏற்கெனவே வெட்டி மடித்துத் தைத்திருந்தார். அதைத்தான் இரண்டாவது கவுனாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

முதலில் மகளின் கவுன். மேலே ஷிபான், உள்ளே சாட்டின் போல வழுவழுப்பான லைனிங், இரண்டுமே பாலியஸ்டர். மேல்பகுதியில் ஷிபானைச் சின்னச் சின்ன மடிப்பாகச் சாய்த்து ஒரு கெட்டியான துணியின் மேல் வைத்துத் தைத்திருந்தார்கள். அதற்குள்ளே லைனிங். ஆக மேல்பகுதி மூன்று அடுக்கு. பக்கத் தையலிலும் முன்பக்கத் தையல்களிலும் போன் என்று சொல்லும் பிளாஸ்டிக் பட்டி சொருகியிருந்தது. கப் உள்ளேயே தைத்தது. ஜிப் நடு முதுகில், தையலுக்குள் மறையும் வகை. தோளில் மெல்லிய நாடா.

அவளைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னேன். மார்பிலும் இடுப்பிலும் சுற்றளவில் இரண்டு இன்ச் லூஸ். கையைத் தூக்கினால் மேல்பகுதி அப்படியே இறங்கியது. தோள் நாடா ஒரு இன்ச் அதிகம். அவள் ஐந்தடி உயரம், அவள் போடப்போகும் செருப்போடு பார்த்தாலும் கீழே ஆறு இன்ச் அளவுக்குத் துணி தரையில் கிடந்தது.

உள்பக்கம் திருப்பிப் பார்த்தோம். பக்கத் தையலில் ஏறக்குறைய ஒரு இன்ச் துணி விட்டிருந்தார்கள். இடுப்பில் மேல்பகுதியும் பாவாடையும் சேரும் இடத்தில் தனித் தையல். பக்கத்தைப் பிடிக்க வேண்டுமானால் அந்த இடுப்புத் தையலை இரு பக்கமும் சில இன்ச் பிரித்து, போனை வெளியே எடுத்து, மூன்று அடுக்கையும் தனித்தனியாகப் பிடித்து, பாவாடைக்குள் சரிவாக இறக்கி, மறுபடி மூட வேண்டும்.

பிறகு தங்கையின் கவுன். அதைக் கட்டிலில் விரித்துப் போட்டு, சுற்றிலும் ஒரே அளவு குறித்து வெட்டியிருந்தார் தாயார். வெட்டிய மறுநாள் சரியாகத்தான் இருந்ததாம். பீரோவில் ஒரு வாரம் தொங்கிய பிறகு இரண்டு பக்கமும் அரை இன்ச்சுக்கு மேல் இறங்கியிருந்தது. முன்னும் பின்னும் இறங்கவில்லை. காரணம் வெட்டில் இருந்தது. விரிந்து இறங்கும் பாவாடையில் முன், பின் நடுப்பகுதிகளில் துணியின் இழை நேராக ஓடும். பக்கங்களில் அது சாய்வாக விழும். சாய்வாக விழும் இடத்தில் ஷிபான் தன் எடையிலேயே நீளும். தையலில் குறை எதுவும் இல்லை. தொங்கவிடாமல் குறித்ததுதான் குறை.

வெளியே விசாரித்தது

அதற்குள் இரண்டு கடையில் கேட்டிருந்தார்கள். ஒன்றில் ஜூன் என்றார்கள். இன்னொன்றில் உடனே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆனால் அந்தக் கடைக்காரர் சொன்ன வழி, முதுகில் ஜிப்புக்கு இரு பக்கமும் மடிப்புப் பிடித்துவிடுவது, கீழே ஓவர்லாக் அடித்து ஒரே மடிப்பாக மடித்துவிடுவது. ரவிக்கை, சுடிதாருக்குக் கை தேர்ந்தவர் அவர். இந்த உடுப்புக்கு அந்த வழி பொருந்தாது. முதுகில் மட்டும் இரண்டு இன்ச் பிடித்தால் பக்கத் தையல் பின்னால் இழுபட்டு, முன்பக்க மடிப்புகள் கோணும். ஓவர்லாக் அடித்த ஓரம் ஷிபானில் விறைத்துக்கொண்டு அலை அலையாக நிற்கும். கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்வதாலேயே அது அவருக்குத் தெரிந்த வேலை என்று ஆகாது. எப்படிச் செய்வீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டால் பதிலிலேயே தெரிந்துவிடும். தாயார் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார் என்பதுதான் இந்தக் குடும்பத்துக்கு நல்லதாகப் போனது.

முருகன்குறிச்சிப் பக்கம் வீட்டிலேயே மணப்பெண் கவுன்களும் மணப்பெண்ணோடு பூ ஏந்தி வரும் சிறுமிகளின் உடுப்புகளும் தைக்கும் ஒரு அக்காவை எனக்குத் தெரியும். போன் வைத்த மேல்பகுதிகளைப் பிரித்து மூடிப் பழகியவர். அவரிடம் பேசினேன். மூன்று கவுனையும் முழுதாக எடுக்க நேரமில்லை, ஒரு கவுனின் மேல்பகுதி மட்டுமென்றால் செய்து தருகிறேன், ஆனால் திருமணத்துக்கு ஒரு வாரம் முன்புதான் கையில் கொடுக்க முடியும் என்றார்.

எடுத்த முடிவும் காரணமும்

முழுதாக வீட்டிலா, முழுதாக வெளியிலா என்றே அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்ப்போம் என்று சொன்னேன். ஒவ்வொரு பகுதியிலும் நான் பார்த்தது இரண்டு விஷயம். தவறினால் பிரித்து மறுபடி தைக்க முடியுமா? அதைப் பழகிப் பார்க்க வேறு துணி கிடைக்குமா?

தோள் நாடாவில் வெட்டவே வேண்டாம். பின்பக்க உள்தையலைச் சிறிது பிரித்து, நாடாவைக் கீழே இழுத்து, கையால் தைத்து, மிச்சத்தை உள்ளேயே விட்டுவிடலாம். பிடிக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் பழையபடி ஆக்கலாம். அது வீட்டு வேலை.

கீழ் ஓரத்தில் வெட்டு உண்டு, ஒருமுறை வெட்டினால் போனதுதான். ஆனால் பழகிப் பார்க்க முடியும். அதே போன்ற பாலியஸ்டர் ஷிபான் டவுன் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஒரு மீட்டர் வாங்கி, அதில் திருப்தி வருகிற வரை தைத்துவிட்டு, பிறகு கவுனைத் தொடுங்கள் என்றேன். அதுவும் வீட்டு வேலை, நிபந்தனையோடு.

மேல்பகுதிக்கு இந்த இரண்டும் இல்லை. சாட்டின் லைனிங்கில் ஊசி இறங்கிய துளை மறையாது, அதனால் பிரித்துப் பிரித்துத் தைக்க இடம் கிடையாது. மூன்று அடுக்கும் போனும் கப்பும் சேர்ந்த ஒன்றைப் பழகிப் பார்க்கத் துணிக்கடையில் வாங்கவும் முடியாது. கணக்கு தாயாருக்குச் சரியாகவே தெரிந்திருந்தது: இரண்டு இன்ச் குறைய வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கத் தையலிலும் முன்துணியில் அரை, பின்துணியில் அரை. பலர் இங்கேதான் தடுக்கி, ஒவ்வொரு துணியிலும் ஒரு இன்ச் பிடித்து மொத்தம் நான்கு இன்ச் இழந்துவிடுவார்கள். ஆனால் கணக்கு தெரிவது மட்டும் போதாத வேலை இது. வெளியே கொடுப்பது என்று முடிவானது. தாயாருக்கு மனம் ஒப்பவில்லை. "பிளவுஸுல எத்தனை பிடிச்சிருக்கேன்" என்றார். மகள் அப்போதுதான் முதல் முறையாகப் பேசினாள்: "எம்மா, இத மட்டும் அந்த அக்காட்ட குடுப்போம்." அதற்குப் பிறகு தாயார் மறுக்கவில்லை.

இன்னொன்றையும் அன்றே சொன்னேன். மகளின் கவுனில் கீழ் ஓரத்தை இப்போது தொடக் கூடாது. மேல்பகுதி பிடித்தால் கவுன் உடம்பில் உட்காரும் இடம் மாறும், நாடா குறைந்தால் முழு உடுப்பும் மேலே ஏறும். மேலே முடிந்த பிறகே கீழே குறிக்க வேண்டும். அதனால் நாட்கள் நெருக்கும் என்பது தெரிந்தே எடுத்த முடிவு.

எவ்வளவு பிடிப்பது என்பதிலும் ஒரு பேச்சு வந்தது. நன்றாக ஒட்டி நிற்க வேண்டும் என்று மகள் விரும்பினாள். கத்திரி வெயில் காலம், ஆராதனை முழுக்க உட்கார்ந்தும் எழுந்தும் நிற்க வேண்டும், பாலியஸ்டர் லைனிங் வியர்வையை உறிஞ்சாது. இரண்டு இன்ச்சும் பிடிக்காமல் ஒன்றரை போதும் என்று நாங்கள் மூவரும் ஒத்துக்கொண்டோம். பிடித்த பிறகு உள்ளே வரும் துணியை வெட்டக் கூடாது என்றும் அக்காவிடம் சொல்லி அனுப்பினோம்.

தாயாரின் பயிற்சி

இந்தப் பகுதியை விரிவாக எழுதக் காரணம், வீட்டில் செய்யலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தாயாரிடம் இருந்தது கால்மிதி மெஷின், நேர்த்தையல் மட்டும் போடுவது. இதற்கு அது குறையே இல்லை. பலவகைத் தையல் போடும் மெஷினில் ஊசி இறங்கும் துளை அகலமாக இருக்கும், மெல்லிய துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். நேர்த்தையல் மெஷினின் சின்ன வட்டத் துளை ஷிபானுக்கு நல்லது. ஆனால் அதில் மாட்டியிருந்தது சீருடைக்குப் போடும் 16-ஆம் நம்பர் ஊசி. முதல் பயிற்சித் துண்டில் துணி சுருங்கி, இழை இழுத்துக்கொண்டு வந்தது. 9-ஆம் நம்பர் ஊசி, மெல்லிய பாலியஸ்டர் நூல், சின்னத் தையல் என்று மாற்றினார். தொடக்கத்தில் இரண்டு நூலையும் பின்னால் பிடித்துக்கொள்வது, துணிக்கு அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்துவிடுவது, இந்த இரண்டும் பாதிப் பிரச்சினையைத் தீர்த்தன.

ஓரத்துக்கு நான் காட்டியது மூன்று தையல் முறை. முடிய வேண்டிய கோட்டுக்குக் கீழே அரை இன்ச் விட்டு வெட்ட வேண்டும். கோட்டுக்குக் கால் இன்ச் கீழே ஒரு தையல். அந்தத் தையலிலேயே மடித்து, ஓரத்தை ஒட்டி இரண்டாம் தையல். அதற்கு வெளியே மிஞ்சுவதைச் சின்னக் கத்தரியால் ஒட்ட நறுக்கிவிட்டு, இன்னொரு முறை மடித்து மூன்றாம் தையல். பொறுமை வேண்டும், வேகம் உதவாது. அயர்ன் பாக்ஸ் குறைந்த சூட்டில்தான், அதுவும் உள்தையல் துணியில் வைத்துப் பார்த்த பிறகு. பருத்திக்கு வைக்கும் சூட்டில் வைத்தால் பாலியஸ்டரில் பளபளப்பான தழும்பு விழும், அது போகாது.

முதல் துண்டு அலையலையாக வந்தது. அடுத்தடுத்த துண்டுகளில் சீராகி, ஒரு மீட்டர் தீரும்போது கடைத் தையலுக்குச் சமமாக இருந்தது.

நடந்தது

பெரியப்பா மகளின் கவுனுக்கு மேலே வேலையில்லை, நீளம் மட்டும். அதை முதலில் எடுத்தார். இரவு முழுக்கக் கொடியில் தொங்கவிட்டு, மறுநாள் அவள் திருமணத்துக்குப் போடும் அதே செருப்போடு நிற்க, தரையிலிருந்து அடிக்குச்சியால் அளந்து சுற்றிலும் குண்டூசி குத்தினார்கள். குத்தியவள் தாயாரின் மகள். குனிந்து பார்த்தால் ஓரம் மாறும் என்பதால் "நேரா நில்லுட்டி, கீழ பாக்காத" என்று அவளை அதட்டிக்கொண்டே இருந்தார்கள். ஷிபானும் லைனிங்கும் தனித்தனியாக வெட்டினார்கள், லைனிங் முக்கால் இன்ச் குறைவு. அந்தக் கவுன் எந்தக் குறையும் இல்லாமல் முடிந்தது.

தங்கையின் கவுனை இறங்கிய பக்கங்களை வெட்டி, ஏறி நின்ற நடுப்பகுதிக்குச் சமன் செய்தார். மொத்தத்தில் நினைத்ததைவிடக் கவுன் சற்று உயர்ந்துவிட்டது. அவள் ஹீல்ஸை விட்டுத் தட்டைச் செருப்பு போட்டுக்கொண்டாள்.

மகளின் கவுன் சொன்ன நாளில் திரும்பி வந்தது. கண்ணாடி முன் நின்றபோது குறை தெரியவில்லை. உட்கார்ந்து கையைத் தூக்கச் சொன்னபோது இடது அக்குளில் ஏதோ குத்துகிறது என்றாள். பக்கம் பிடித்தபோது அக்குள் வளைவு சற்று மாறியிருந்தது, போன் மட்டும் பழைய நீளத்திலேயே உள்ளே போயிருந்தது. அன்று மாலையே அக்கா அதைப் பிரித்து, போனைக் கால் இன்ச் குறைத்து, நுனியைத் துணியால் பொதிந்து மூடிக் கொடுத்தார். கேட்டவுடனே செய்து கொடுத்தார், கூலி சேர்க்கவில்லை. நின்று மட்டும் பார்த்துவிட்டு வாங்கியிருந்தால் இது கோயிலில்தான் தெரிந்திருக்கும்.

பிறகு நாடா, பிறகு ஓரம். திருமணத்துக்கு முந்தைய வாரம் வீட்டில் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருக்க, தாயார் இரவில் உட்கார்ந்து அந்த ஓரத்தை முடித்தார். நன்றாக முடித்தார். ஆனால் அந்த நாட்களின் அசதி திருமணத்தன்றும் அவர் முகத்தில் இருந்தது. வீட்டில் செய்தால் செலவில்லை என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பணக் கணக்கு இது: மேல்பகுதிக்கு அக்கா வாங்கியது 1,200 ரூபாய். பயிற்சித் துணி, ஊசி, நூல் எல்லாம் சேர்த்து சில நூறு. மூன்று கவுனையும் முழுதாக வெளியே கொடுத்திருந்தால் இதைப் போலச் சில மடங்கு ஆகியிருக்கும், அந்த மாதத்தில் எடுக்க ஆளும் இருந்திருக்காது.

திருமணத்தன்று மகளின் கவுன் கடைசி வரை இறங்கவில்லை, அவள் அதைத் தூக்கி விட்டுக்கொள்ளவும் இல்லை. மூவரும் வரிசையாக நிற்கும் படத்தில் தங்கையின் ஓரம் மட்டும் கொஞ்சம் மேலே நிற்பது தெரிந்தவர் கண்ணுக்குத் தெரியும்.

மாற வேண்டியவை

அளவு அனுப்புவதிலிருந்தே மாற்றம் வேண்டும். ஆன்லைனிலோ வெளிநாட்டிலோ கவுன் வாங்குபவர்களுக்கு ரவிக்கை அளவைக் கொடுக்கக் கூடாது. உடம்பின் மேல் டேப் வைத்து மார்பு, தொப்புளுக்கு மேல் இடுப்பு, உட்காரும் இடம், தொண்டைக் குழியிலிருந்து தரை என்று நான்கையும் எடுத்து, எந்தச் செருப்போடு எடுத்தது என்பதையும் எழுதி அனுப்ப வேண்டும். அளவுகள் வேறு வேறு சைஸில் விழுந்தால் பெரியதற்கே வாங்க வேண்டும்.

திருமணம் மே மாதம் என்றால் கவுன் லெந்து நாட்களுக்குள்ளேயே கைக்கு வந்துவிட வேண்டும். அந்தச் சில வாரங்களில்தான் கவுன் தைப்பவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கும். இந்த வீட்டில் அப்படி வந்திருந்தால் மகளின் ஓரத்தைக் கடைசி வாரத்தில் இரவில் தைக்க வேண்டியிருந்திருக்காது.

இப்போது என்னிடம் கவுன் கொண்டுவருபவர்களிடம், கத்தரி எடுக்கும் முன் உள்பக்கம் திருப்பிக் காட்டச் சொல்கிறேன். போன், கப், மடிப்பு வேலை, மணி வேலை ஏதாவது இருந்தால் மேல்பகுதி பழகியவர் கைக்குப் போகட்டும். வெறும் நீளம்தான் என்றால் ஒரு மீட்டர் துணியும் சரியான ஊசியும் வாங்கிக்கொண்டு தைரியமாகத் தொடங்கலாம்.

தாயார் அடுத்த முறை மேல்பகுதியையும் தானே செய்வேன் என்கிறார். அக்கா பிரித்துத் தைத்ததை உள்பக்கம் திருப்பித் தையல் தையலாகப் பார்த்திருக்கிறார். செய்யட்டும் என்றுதான் நானும் சொன்னேன், ஆனால் முதலில் பழைய கவுன் ஒன்றில். தங்கையின் கவுனை இனி யாரும் போடப்போவதில்லை என்று அந்த வீட்டில் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் அதைத்தான் வகுப்புக்குக் கொண்டுவருகிறார்.